பிரேக்கை மாற்றப் போய் ஸ்டியரிங்கில் கை வைத்தால்

அமெரிக்காவில் வீட்டை ஒட்டிய ஒரு கார் ஷெட். உள்ளே, முன் சக்கரங்கள் இரண்டும் கழன்ற நிலையில் ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது 1951ஆம் வருடத்து செவர்லே 3100 பிக்கப் லாரி. பழைய டிரம், ஷூ, ஸ்பிரிங் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன. பெட்டியில் வந்த புது டிஸ்க்கை ஹப்போடு சேர்த்து மாட்டியாயிற்று. பேரிங்குக்கு கிரீஸ் வைத்து நட்டையும் முடுக்கியாயிற்று. இனி டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்தான் பாக்கி. அதற்கு முன் டிஸ்க்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார் வண்டிக்காரர். "கிர்ர்க்" என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், டிஸ்க்கின் உட்புற முகம் ஸ்டியரிங் ஆர்மின் முட்டியில் உரசுகிறது. 4 மி.மீ. இடம் கிடைத்தால் போதும்.

மேஜை மேல் கிரைண்டர் இருக்கிறது. மூலையில் கேஸ் டார்ச். சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. அந்த 4 மி.மீ.யை எப்படி வாங்குவது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் பௌதிகம், உலோகவியல், வடிவகணிதம் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

முதலில், அந்த மனிதர் ஏன் இந்த வேலையில் இறங்கினார் என்று கேட்டுவிட வேண்டும். 1947இல் அறிமுகமான இந்த வரிசை செவர்லே லாரிகளை அமெரிக்காவில் இன்றும் ஆசையோடு வைத்து ஓட்டுகிறார்கள். வளைந்த மூக்கும் குண்டுக் கன்னமுமாக அழகான வண்டிதான். ஆனால் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். போதாததற்கு, பிரேக் எண்ணெய் முழுவதும் ஒரே சுற்றில் ஓடும்; எங்காவது ஒரு குழாய் ஓட்டையானால் நான்கும் போச்சு. ஜெனரல் மோட்டார்ஸின் சிறிய லாரிகளில் முன்பக்கம் டிஸ்க் வாடிக்கையாக வந்தது 1971 மாடலிலிருந்துதான்.

சுமார் ஒன்றரை டன் எடையுள்ள வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் 580 கிலோஜூல் அளவுக்கு இருக்கும். பிரேக் பிடிப்பது என்றால் அவ்வளவையும் சில விநாடிகளில் சூடாக மாற்றுவது. வண்டி முன்னால் சாய்வதால் அதில் ஏறக்குறைய 70 சதவீதத்தை முன் சக்கரங்கள்தான் விழுங்க வேண்டும். டிரம்மில் உரசல் நடப்பது மூடிய சட்டிக்குள்ளே. சட்டி சூடாகி விரியும்போது ஷூவை விட்டு விலகிப் போகும். பெடல் கீழே கீழே இறங்கும். டிஸ்க்கோ வெட்டவெளியில் சுழல்கிறது. சூட்டில் பருத்தாலும் அதைப் பிடிக்கும் பேடை நோக்கித்தான் பருக்கும். மழையில் நனைந்தாலும் ஒன்றிரண்டு சுற்றில் உதறிக் காய்ந்துவிடும். மலை இறக்கத்தில் டிரம்மை நம்பிக் கால் வலித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆகவே ஆசையில் தப்பில்லை.

சிக்கல் வேறு இடத்தில். பின் சக்கரத்தில் பிரேக்கை மாற்றினால் அது பிரேக் வேலை மட்டும்தான். முன் சக்கரத்தில் அப்படி இல்லை. அங்கே பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் வீடு ஒன்று. நக்கிள் என்று பட்டறையில் சொல்கிற அந்த இரும்புக் கட்டிதான் கிங் பின்னைச் சுற்றித் திரும்புகிறது. சக்கரம் சுழலும் ஸ்டப் ஆக்சிலும் அதிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கிறது. பிரேக் உட்காரும் தட்டு அதில்தான் போல்ட் ஆகிறது. சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்மும் அதில்தான். இந்த மாதிரிப் பழைய ஒற்றைக் கட்டை ஆக்சில்கள் பலவற்றில் பிரேக் தட்டையும் ஸ்டியரிங் ஆர்மையும் பிடித்திருப்பது ஒரே போல்ட்டுகள்தான். தட்டை எடுத்துவிட்டு காலிப்பர் பிராக்கெட்டை வைத்தால், பிராக்கெட்டின் கனத்துக்கு ஏற்ப ஆர்ம் இடம் மாறுகிறது, போல்ட்டின் நீளம் பற்றாமல் போகிறது, புதிதாக வந்த டிஸ்க் ஆர்மின் மேல் இடிக்கிறது. பெட்டியின் மேல் "பிரேக் கிட்" என்று போட்டிருக்கலாம். உள்ளே இருப்பது ஸ்டியரிங் வேலையும்தான்.

அந்தப் போல்ட்டுகள் தாங்கும் பாரத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ஒன்றரை டன் வண்டியைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.8 பங்கு அளவுக்கு வேகத்தைக் குறைத்து நிறுத்துகிறோம் என்று கொள்வோம். சடன் பிரேக் என்று நாம் சொல்வது. ஒரு முன் டயருக்கும் தரைக்கும் இடையே சுமார் 4,100 நியூட்டன் விசை பிறக்கும். டயரின் ஆரம் 36 செ.மீ.; டிஸ்க்கை பேட் பிடிக்கும் இடமோ மையத்திலிருந்து 12 செ.மீ. மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பிடிப்பதால் மூன்று மடங்கு விசை வேண்டும். 12,300 நியூட்டன், அதாவது ஒன்றேகால் டன். அந்தக் கையளவு காலிப்பரை ஒன்றேகால் டன் எடை முறுக்கிப் பிடுங்கப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிற்பவை பிராக்கெட்டும் நாலைந்து போல்ட்டும். அதே போல்ட்டுகளில் இரண்டு ஸ்டியரிங் ஆர்மையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கடைத்தெருவில் கிலோ கணக்கில் வாங்கிய போல்ட்டை இங்கே போடலாமா என்று யாராவது கேட்டால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இனி அந்த 4 மி.மீ. முதலில் கண்ணில் படுவது கிரைண்டர். ஆர்மின் முட்டியில் உரசும் இடத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் ஆயிற்று. சில கிட்டுகளின் செய்முறைத் தாளே இதைத்தான் சொல்கிறது: இன்ன இடத்தில், இவ்வளவுக்கு மேல் போகாமல். அந்த அளவுக்குள் நின்றால் பெரிய குற்றமில்லை. எவ்வளவு தேய்க்கிறோம் என்பதைப் போலவே எப்படித் தேய்க்கிறோம் என்பதும் முக்கியம். அதைப் புரிந்துகொள்ள 1842க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு மே 8ஆம் தேதி, வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு ஒன்று ஓட்டத்தில் முறிந்தது. பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. அண்டார்டிக் கடலோடி துமோன் துர்வில் தம் மனைவி மகனோடு அதில் எரிந்து போனார். முறிந்த அச்சில் யாரும் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றவில்லை. நேற்று வரை அதே பாரத்தைத் தாங்கிய அச்சுதான். இரும்பு "களைத்துப் போகும்" என்ற எண்ணம் பொறியியலில் வேரூன்றியது இந்தக் காலகட்டத்தில். பிரஷ்ய ரயில்வேயில் வேலை பார்த்த ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளை லட்சக்கணக்கான முறை வளைத்து வளைத்துச் சோதித்தார். ஒரே இழுப்பில் முறிக்கத் தேவையான பாரத்தைவிட வெகு குறைந்த பாரமே, திரும்பத் திரும்ப வந்தால் இரும்பை முறித்துவிடும் என்று எண்களோடு காட்டினார். வெட்டும் கீறலும் கூர்மூலையும் இருக்கும் இடத்தில்தான் விரிசல் பிறக்கிறது.

ஸ்டியரிங் ஆர்ம் அப்படிப்பட்ட ஜீவன்தான். ரோட்டில் ஒவ்வொரு குழியும் அதை ஒரு பக்கம் தள்ளுகிறது. ஒவ்வொரு திருப்பமும் மறுபக்கம் இழுக்கிறது. கிரைண்டர் கல் குறுக்காக ஓடினால் ஆர்மின் மேல் நூற்றுக்கணக்கான குறுக்குக் கீறல்கள் விழும். கம்பிக்குக் குறுக்கே கத்தி வைத்த மாதிரி, ஒவ்வொன்றும் விரிசலுக்கு அழைப்பு. அனுபவசாலிகள் கரடாகத் தேய்த்த பிறகு, ஆர்மின் நீளவாக்கில் அரத்தை ஓட்டி, பிறகு எமரித் தாளால் அதே நீளவாக்கில் வழவழப்பாக்குவார்கள். பள்ளத்தின் ஓரங்கள் படிக்கட்டு மாதிரி நிற்காமல் சரிந்து கலக்க வேண்டும். வெறும் அழகுக்காகச் செய்கிற வேலையில்லை இது.

தேய்த்து முடித்ததும் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. வீட்டிலேயே செய்யலாம், செலவும் அதிகமில்லை. சிவப்புச் சாய ஸ்ப்ரே ஒன்று, கிளீனர் ஒன்று, வெள்ளை டெவலப்பர் ஒன்று என மூன்று டப்பாக்கள். கிரீஸை முழுக்கக் கழுவிவிட்டுச் சாயத்தை அடித்து, கால் மணி நேரம் விட்டு, மேலாகத் துடைத்து, வெள்ளையைத் தூவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் நுழைந்திருந்த சாயம் மெல்ல மெல்ல ஊறி வெள்ளையில் சிவப்பு மயிரிழையாக எழும். எழுபது வருடம் ஓடிய ஆர்மில் அந்தச் சிவப்புக் கோடு தெரிந்தால் அதற்கு மருத்துவம் கிடையாது. காயலான் கடைக்குத்தான்.

இரண்டாவது வழி, கேஸ் டார்ச். ஆர்மைச் சிவக்கக் காய்ச்சி உள்பக்கம் வளைத்துவிடுவது. பழைய ஃபோர்டு வண்டிகளைப் பந்தய வண்டிகளாக்கிய தலைமுறை, ஆக்சிலைத் தாழ்த்தும்போது ஸ்டியரிங் ஆர்ம்களைக் காய்ச்சி வளைத்திருக்கிறது என்பது உண்மை. "அந்தக் காலத்திலேயே செய்தாங்க, ஒண்ணும் ஆகலை" என்ற வாதத்துக்கு அதுதான் அடிப்படை. ஒன்றும் ஆகாதவர்கள்தான் இப்போது கதை சொல்ல இருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி, கையில் இருப்பது அடித்து உருவாக்கிய எஃகா, வார்ப்பு இரும்பா? அதை உருவாக்கிய அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும். அது நூல் மாதிரி மெல்லியதாக இருந்தால் பெரும்பாலும் வார்ப்பு. விரலகலப் பட்டையாக, பிதுங்கியதைச் செதுக்கிய தடத்தோடு இருந்தால் ஃபோர்ஜிங். வார்ப்பு என்றால் டார்ச்சை அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அதைக் காய்ச்சவும் கூடாது, வளைக்கவும் கூடாது, வெல்டிங் வைக்கவும் கூடாது.

ஃபோர்ஜிங் என்றாலும் விஷயம் முடியவில்லை. தொழிற்சாலையில் அந்த எஃகைக் காய்ச்சி, திடீரெனக் குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதம் பார்த்திருப்பார்கள். உரமும் வளைந்துகொடுக்கும் குணமும் ஒன்றாகச் சேர்ந்தது அந்தப் பதத்தில்தான். சமையலில் பாகுப் பதம் மாதிரி. ஒருமுறை தாண்டினால் சுலபத்தில் திரும்பாது. எஃகு சுமார் 727 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதன் அணுக்களின் அடுக்கே மாறத் தொடங்குகிறது. 770 டிகிரி வாக்கில் காந்தம் ஒட்டுவது நின்றுவிடும். கொல்லர்கள் காந்தத்தைத் தொட்டுப் பார்ப்பது அதனால்தான். வளைக்க வசதியான செஞ்சூட்டில், தொழிற்சாலை கொடுத்த பதம் போயே போய்விடுகிறது. தானாகக் காற்றில் ஆறவிட்டால் ஆர்ம் மெத்தென்று ஆகிவிடும், உரம் குறையும். அவசரப்பட்டுப் பக்கத்திலிருக்கும் வாளித் தண்ணீரில் முக்கினால் நேரெதிர்: மார்ட்டென்சைட் என்ற கண்ணாடி போன்ற கடின நிலைக்குப் போய், ஒரே அடியில் படாரென்று உடையும் பொருளாகிவிடும். இரண்டும் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும் என்பதுதான் கொடுமை. மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

உலோகத்தை விடுங்கள். பதம் பார்க்கத் தெரிந்த ஒருவர் கச்சிதமாக வளைத்துத் தந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது வடிவகணிதம் குறுக்கே வருகிறது.

வண்டி வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்தையும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தையும் வரைகின்றன. இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஏதாவது ஒன்று தேய்ந்துகொண்டே போக வேண்டும். செவர்லே 3100இல் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 116 அங்குலம், அதாவது 2,946 மி.மீ. கிங் பின்கள் இரண்டுக்கும் நடுவே கணக்குக்காக 1,300 மி.மீ. என்று வைத்து, பின் அச்சின் நடுப்புள்ளி 8 மீட்டர் ஆர வட்டத்தில் திரும்புவதாகக் கொண்டால், உள் சக்கரம் 21.8 டிகிரியும் வெளிச் சக்கரம் 18.8 டிகிரியும் திரும்பியாக வேண்டும். மூன்று டிகிரி வித்தியாசம். இதை எந்தக் கம்ப்யூட்டரும் கணக்குப் போட்டுத் தருவதில்லை. ஸ்டியரிங் ஆர்மின் சாய்வே தருகிறது. கிங் பின்னிலிருந்து பின்னோக்கிப் போகும் இரண்டு ஆர்ம்களும் உள்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக் கோடுகளை நீட்டினால் பின் அச்சின் நடுவே ஏறக்குறைய சந்திக்கும்படி அமைத்திருப்பார்கள்.

மியூனிக் நகரத்து வண்டிக் கொல்லர் கேயோர்க் லாங்கன்ஸ்பெர்கர் குதிரை வண்டிகளுக்காகக் கண்டுபிடித்தது இது. இங்கிலாந்தில் அவருடைய ஏஜென்டாக 1818இல் காப்புரிமை வாங்கிய ருடால்ஃப் ஆக்கர்மன் பெயர் நிலைத்துவிட்டது. ஆக்கர்மன் லண்டனில் படப் புத்தகம் பதிப்பித்தவர். கண்டுபிடித்தவர் ஒருவர், பேர் வாங்கியவர் இன்னொருவர் என்பது எந்த நாட்டிலும் நடப்பதுதான்.

மேலே சொன்ன அளவுகளுக்கு அந்தச் சாய்வு 12.4 டிகிரி வரும். 150 மி.மீ. நீளமுள்ள ஆர்ம் என்றால், அதன் நுனியிலுள்ள பந்து மூட்டு கிங் பின்னைவிட 32 மி.மீ. உள்ளே இருக்கும். இப்போது டிஸ்க்குக்கு இடம் விட ஆர்மை உள்ளே வளைத்ததில் நுனி 10 மி.மீ. நகர்ந்துவிட்டது என்று வையுங்கள். 32 என்பது 42 ஆகிறது. சாய்வு 16 டிகிரியைத் தாண்டுகிறது. கோடுகள் சந்திக்கும் இடம் பின் அச்சிலிருந்து முக்கால் மீட்டர் அளவுக்கு முன்னால் வந்துவிடுகிறது. சுண்டுவிரல் அகலத்து வளைவு, முக்கால் மீட்டர் பிசகு. வண்டி ஓடும், ஓடாமல் போகாது. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் உள் சக்கரம் தேவைக்கு மேல் திரும்பி டயரைச் சுரண்டும். பார்க்கிங்கில் ஒடித்தால் கீச்சிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வளையாவிட்டால் இடப்பக்கம் ஒரு குணம், வலப்பக்கம் ஒரு குணம். ஆகவே வளைக்கத்தான் வேண்டும் என்றால் முட்டியை மட்டும் வளைத்து, நுனி பழைய இடத்திலேயே நிற்கும்படி மறுபடி திருப்பி வளைக்க வேண்டும். ஒரு வளைவுக்கு இரண்டு வளைவு. சூடும் இரண்டு மடங்கு.

என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டு ஷெட்டில் டார்ச் வைத்து ஸ்டியரிங் ஆர்மை வளைக்காதீர்கள். டிஸ்க்குக்கு இடம் விட்டு உருவாக்கிய ஆர்ம்கள் தனியாகக் கிடைக்கும் மாடல்கள் உண்டு. கிடைக்காத மாடலுக்கு, டிஸ்க்கை இன்னும் கொஞ்சம் வெளியே உட்கார வைக்கும் வேறு ஹப் கிடைக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. சக்கரம் வெளியே தள்ளப்படுவதால், கிங் பின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் கூடும். ஒரு சக்கரம் ஈரத்திலும் மற்றது காய்ந்த தரையிலும் இருக்கும்போது பிரேக் அடித்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். ஒரு சென்டிமீட்டருக்கு உள்ளே இருந்தால் சமாளிக்கலாம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது விவகாரம் பலர் கண்ணில் படுவதே இல்லை. சில சமயம் நக்கிளையே வேறொரு வண்டியிலிருந்து கொண்டுவந்து மாட்டுவார்கள். பிற்கால வண்டியின் நக்கிள், டிஸ்க், காலிப்பர் மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றோடொன்று ஒட்டும். ஆனால் இரு பக்க ஸ்டியரிங் ஆர்ம்களையும் இணைக்கும் டை ராடு பழையது. டை ராடு முனையின் தண்டு கூம்பு வடிவம். நக்கிள் ஆர்மின் ஓட்டையும் கூம்பு. கூம்புக்குள் கூம்பு இறுகி உட்காரும். அமெரிக்க வண்டிகளில் பெருவாரியாக வருவது அடிக்கு ஒன்றரை அங்குலம் என்ற சரிவு, எட்டுக்கு ஒன்று. சிலவற்றில் அடிக்கு இரண்டு அங்குலம், ஆறுக்கு ஒன்று. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தண்டை ஓட்டையில் போட்டால் "டக்" என்று உட்காரவும் செய்யும். நட்டை முடுக்கினால் இறுகும்.

ஆனால் ஆறுக்கு ஒன்று ஓட்டையில் எட்டுக்கு ஒன்று தண்டைப் போட்டால் ஒட்டுவது சின்ன முனையில் மட்டும். 20 மி.மீ. நீள ஓட்டையில் பெரிய முனைப் பக்கம் சுற்றிலும் 0.4 மி.மீ. வெற்றிடம். தலைமயிர் ஐந்தாறு சேர்ந்த கனம்தான். சிக்கல் என்னவென்றால் பந்து இருப்பதும் விசை வருவதும் அந்தப் பெரிய முனைப் பக்கம். தண்டு ஒவ்வொரு குழிக்கும் அந்தப் பொந்துக்குள் ஆடி ஆடி, நட்டு இருக்கும் கழுத்தில் வளைகிறது. வோலர் சொன்ன கதைதான். ஒரு நாள் கழுத்து முறியும்.

சரியான கூம்பில் நிலைமை வேறு. எட்டுக்கு ஒன்று சரிவில் ஒவ்வொரு பக்கமும் சாய்வு மூன்றரை டிகிரிதான். எஃகுக்கும் எஃகுக்கும் உள்ள உராய்வே போதும், நட்டை எடுத்தாலும் தண்டு வெளியே வராது. டை ராடு கழற்றுகிறவர்கள் தண்டின் தலையில் அடிப்பதில்லை. ஆர்மின் காதுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டைக் கொடுத்து மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கிப் போடுவார்கள். காது கணநேரம் நசுங்கி நீளும்போது பிடி விட்டு, தண்டு தானே விழும். அந்த "தொப்" சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும், கூம்பு எவ்வளவு பிடிவாதம் என்று.

ஓட்டையைப் பெரிதாக்கத்தான் வேண்டுமென்றால் அதற்கென்று கூம்பு ரீமர் இருக்கிறது. டிரில் பிட்டால் செய்கிற வேலையல்ல. மெதுவான வேகம், வெட்டு எண்ணெய், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தண்டை வைத்துப் பார்ப்பது. எட்டுக்கு ஒன்று சரிவில், விட்டத்தில் 0.1 மி.மீ. கூடினால் தண்டு 0.8 மி.மீ. கீழே இறங்கிவிடும். கொஞ்சம் அதிகமாகப் போனால் நட்டு மரை தீர்ந்து நிற்கும். தண்டு இறுகாமலே நட்டு இறுகிய மாதிரி காட்டும். கடைசியில் தண்டின் மேல் நீல மையை மெல்லப் பூசி ஓட்டையில் அழுத்தி எடுக்க வேண்டும். ஓட்டையின் சுவரில் மேலிருந்து கீழ் வரை, நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீலம் ஒட்டியிருந்தால் சரி. வளையமாக ஓர் ஓரத்தில் மட்டும் ஒட்டினால் சரிவு தப்பு. டை ராடை ஆர்முக்கு மேலே தூக்கி வைக்க ஆசைப்பட்டு, மேலிருந்து ரீமர் போடுகிறவர்களும் உண்டு. அப்போது ஓட்டை இரண்டு பக்கமும் அகன்று உடுக்கை மாதிரி ஆகிவிடும். அதற்குத் துளையைப் பெரிதாக்கிக் கூம்புப் புஷ் இறக்குவது ஒன்றே முறை.

பந்து மூட்டு மேலேறினால் இன்னொன்றும் மாறும். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து நக்கிளுக்கு வரும் டிராக் லிங்க்கின் சாய்வு. ஒற்றைக் கட்டை ஆக்சிலில் டை ராடு ஆக்சிலோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் அது பிரச்சினை தராது. ஆனால் டிராக் லிங்க்கின் ஒரு முனை சட்டத்தில், மறுமுனை ஆக்சிலில். மேட்டில் ஆக்சில் ஏறும்போது லிங்க் ஒரு வட்டத்தில் நகரும், ஆக்சில் வேறொரு வட்டத்தில் நகரும். இரண்டு வட்டமும் ஒத்துப் போகாவிட்டால், கை அசையாமலேயே சக்கரம் திரும்பும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வண்டி தானாக ஒரு பக்கம் போக எத்தனித்தால் காரணம் இதுதான்.

மீதி வேலைகள் சின்னவை, ஆனால் விட்டுவிடக் கூடியவை அல்ல. பிராக்கெட் நடுவே புகுந்ததில் ஆர்ம்களுக்கு இடையே உள்ள தூரம் மாறியிருக்கும். டை ராடின் மரையைத் திருகி, டயர்களின் முன் ஓரம் பின் ஓரத்தைவிடச் சுமார் 3 மி.மீ. நெருக்கமாக வரும்படி வைக்க வேண்டும். திருகும்போது குழாய்க்குள் மரை, அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு ஸ்டியரிங்கை இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை ஒடித்து, பிரேக் ஹோஸ் எங்காவது இழுபடுகிறதா, டயரில் படுகிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஆக்சில் தொங்கும்போது ஒருமுறை, பாரம் ஏறிய பின் ஒருமுறை. மாஸ்டர் சிலிண்டரும் இரண்டு சுற்று உடையதாக மாற வேண்டும். அது தனிக் கதை.

நட்டுகள் காடியுள்ள கிரீட வகை. முடுக்கிய பிறகு ஓட்டையும் காடியும் நேராக வராவிட்டால், இன்னும் கொஞ்சம் முடுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. அதில் நுழையும் காட்டர் பின், மாட்டு வண்டிக் கடையாணியின் தம்பி. பழையதை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். ஒரு டஜன் வாங்கினாலும் டீக்காசுதான்.

பிரேக் தவறினால் வேறு வழிகள் மிச்சம் இருக்கின்றன. கியரைக் குறைக்கலாம், கைப்பிரேக்கை இழுக்கலாம், இரண்டாவது சுற்று கை கொடுக்கலாம். பெடல் இறங்குவது, சத்தம், வாடை என்று முன்கூட்டியே அறிகுறியும் காட்டும். ஸ்டியரிங் ஆர்முக்கு மாற்று ஏற்பாடு எதையும் எந்தக் கம்பெனியும் வைத்ததில்லை. முறியும் வரை அது வழக்கம்போல் வேலை செய்யும். வீட்டில் செய்த பிரேக் வேலை சரியில்லையென்றால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும்; ஸ்டியரிங் வேலை சரியில்லையென்றால் தெரியவருவது சில ஆயிரம் மைல் கழித்து.

இதைப் படித்துவிட்டு வீட்டுப் பழைய ஜீப்பைத் தூக்கி நிறுத்த நினைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

வேலையை முடித்துவிட்டவர் செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு இறுக்கியதும், போல்ட் தலையிலிருந்து ஆர்மின் மேல் வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். முதல் நூறு மைல் ஓடியதும் சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தக் கோடாவது முறிந்து, தலையில் ஒரு பாதியும் ஆர்மில் ஒரு பாதியுமாக விலகி நின்றால், அன்றைக்கு அந்த லாரியைத் தெருவில் இறக்காதீர்கள்.